களியக்காவிளையிலிருந்து கோவளம் அலைக்கு: அலைச்சறுக்கு கற்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்திலிருந்து அலைச்சறுக்கு கற்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள்: என் உடல்வாகுக்கு இது வருமா, எந்தப் பலகையை வாங்க வேண்டும்? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் இறங்கப் போகும் கடலில், நீங்கள் இறங்கக்கூடிய மாதங்களில், எப்படிப்பட்ட அலை வருகிறது? திருவனந்தபுரம் கடற்கரையில் புதியவர்களுக்கு உகந்த மாதங்களில் வருவது சிறிய, அதிக விசையில்லாத அலை. அந்த அலைக்குப் பொருந்துவது நீளமான பலகை, நீளமான பலகைக்குப் பொருந்துவது நிதானமான பாணி, அந்தப் பாணியில் குட்டை, நெட்டை, பருமன், ஒல்லி என எல்லாருக்கும் இடம் உண்டு. காணொளிகளில் பார்த்த ஷார்ட்போர்டு (குட்டைப் பலகை) சாகசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள்தான் சில வாரங்களில் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள்.

இடமும் காலமும்

இங்கே கோவளம் என்று சொல்வது திருவனந்தபுரம் மாவட்டத்துக் கோவளத்தை. சென்னைக்கு அருகிலும் கன்னியாகுமரிக்கு அருகிலும் அதே பெயரில் ஊர்கள் இருப்பதால் வழி கேட்கும்போது கவனம் தேவை. கோவளமும், அதற்கு வடக்கே வர்க்கலையும் பயிற்சிப் பள்ளிகளும் வாடகைப் பலகைகளும் கிடைக்கும் இடங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நீரோடி முதல் தூத்தூர் வரையிலான கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள் பல இடங்களில் அலை உடையும் இடத்திலேயே கிடக்கின்றன. அங்கே பலகையோடு இறங்குவதை நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளை ஒட்டிய கடலும் அப்படியே; கற்சுவரை ஒட்டி நீர் கடலுக்குள் திரும்பி ஓடும் இழுப்பு அங்கே வலுவாக இருக்கும். நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு பொழிமுகமும், குழித்துறை ஆறு கலக்கும் தேங்காப்பட்டணமும் ஆற்று ஓட்டமும் அலையும் மோதும் இடங்கள் என்பதால் அவையும் கூடாது.

அக்டோபர் பிற்பகுதி முதல் மார்ச் வரை புதியவர்களுக்கான காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்துக் கிடக்கும், மணற்கரையும் பல இடங்களில் அரிக்கப்பட்டுவிடும். இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்கள் ஏமாற்றக்கூடியவை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் எழும் புயல்களின் அலைகள், இங்கே காற்றே இல்லாத வெயில் நாளிலும் திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்று கரையோர மக்கள் சொல்வது இதைத்தான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்துக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தது இப்படி ஒரு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் (INCOIS) என்னும் கடல்சார் தகவல் நிறுவனம் அலையின் உயரம், இடைவெளி, கள்ளக்கடல் எச்சரிக்கை ஆகியவற்றை வெளியிடுகிறது. புறப்படும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். புதியவர்களுக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையிலான அலை போதும். அதே உயரமுள்ள இரண்டு அலைகளில், எட்டு விநாடி இடைவெளியில் வருவதைவிடப் பதினான்கு விநாடி இடைவெளியில் வருவது அதிக விசையோடு உடையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேரம் காலைதான். சூரியன் ஏறும் முன் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மெல்லிய காற்று அலையின் முகத்தைச் சீராக வைத்திருக்கும். முற்பகல் கடந்து கடற்காற்று எழுந்ததும் அலை கலைந்து போகும். முதல் பேருந்தைப் பிடித்து வருகிறவருக்கு நல்ல அலை கிடைக்கும் என்று தயங்காமல் சொல்லலாம். அதே காலை நேரத்தில் கரைமடி இழுப்பவர்களும் அங்கே இருப்பார்கள். வலை எங்கே வளைந்து கிடக்கிறது என்று அவர்களிடம் கேட்டுவிட்டு, அதற்கு அப்பால் இறங்குவது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும். உயிர்காப்பாளர் சிவப்புக் கொடி நட்டிருந்தால் அன்றைக்குத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

முதல் பலகை: எடையிலிருந்து தொடங்குங்கள்

பலகையின் நீளத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் உங்களை மிதக்க வைப்பது அதன் கன அளவு. அது லிட்டரில் குறிக்கப்படும். பழக்கத்தில் இருக்கும் எளிய கணக்கு இது: புதியவருக்குத் தன் எடை எத்தனை கிலோவோ குறைந்தது அத்தனை லிட்டர் வேண்டும், கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. சில ஆண்டுகள் பழகி, உடையாத அலையில் திரும்பத் தெரிந்தவருக்கு எடையில் பத்தில் ஆறு பங்கு லிட்டர் போதும். போட்டியாளர்கள் பத்தில் நான்கு பங்குக்கும் கீழே போவார்கள். எழுபது கிலோ எடையுள்ள போட்டியாளர் இருபத்தெட்டு லிட்டர் பலகையில் பறப்பதைப் பார்த்துவிட்டு, அதே எடையுள்ள புதியவர் அதே பலகையை வாங்கினால், அது தண்ணீருக்கு அடியில் அமிழ்ந்து கிடக்கும். அலை அவரைத் தாண்டிப் போய்விடும்.

காரணம் எளிமையானது. ஒரு மீட்டர் உயர அலை ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் உடைகிறது, அந்த ஆழத்தில் அது மணிக்குச் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. கைகளால் துழாவிப் போகும் மனிதரின் வேகம் அதில் பாதிதான். மீதி வேகத்தை அலையின் சரிவு தர வேண்டும். நீளமான, கன அளவு மிகுந்த பலகை நீரின் மேல் உயர்ந்து மிதப்பதால், அலை இன்னும் சாய்வாக, சாதுவாக இருக்கும்போதே சறுக்கத் தொடங்கிவிடும். சிறிய பலகை, அலை செங்குத்தாக நிமிர்ந்து உடையப் போகும் கடைசிக் கணத்தில்தான் பிடிக்கும். எழுந்து நிற்கக் கிடைக்கும் நேரம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. ஒரு காலை நேரத்தில் பெரிய பலகைக்காரர் பிடிக்கும் அலைகள் சிறிய பலகைக்காரர் பிடிப்பவற்றைப் போலப் பல மடங்கு; அத்தனை முறை எழுந்து பழகியவர் முன்னேறுவதில் வியப்பில்லை.

ஆகவே மேற்பரப்பு மென்மையான ஃபோம் பலகையை வாடகைக்கு எடுங்கள். ஐம்பத்தைந்து கிலோவுக்குக் கீழே உள்ளவருக்கு ஏழு முதல் ஏழரை அடி, எண்பது வரை எட்டு அடி, அதற்கு மேல் ஒன்பது அடி என்று வைத்துக்கொள்ளலாம். அகலம் இருபத்திரண்டு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். இந்த அகலம் குட்டையானவர்களின் அக்குளுக்குள் அடங்காது. அதைப் பற்றிக் கவலைப்படாமல் தலையில் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள், நம் ஊரில் தலைச்சுமை யாருக்கும் புதிதில்லை. காலில் கட்டும் லீஷ் கயிறு பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பின்னால் வைக்கும் காலின் கணுக்காலில் கட்ட வேண்டும். பலகையின் அடியில் பின்பக்கம் இருக்கும் சிறகுகளான ஃபின்கள் நெகிழும் வகையாக இருந்தால் தொடையைக் கிழிக்காது. 1980-81இல் ஆஸ்திரேலியர் சைமன் ஆண்டர்சன் பரப்பிய மூன்று ஃபின் அமைப்புதான் இன்று பெரும்பாலான பலகைகளில் இருக்கிறது. அதை மாற்றிப் பார்க்கும் ஆசை முதல் ஆண்டில் தேவையில்லை.

உடை பற்றி ஒரே வார்த்தை: உடலோடு ஒட்டியது. லுங்கி, துப்பட்டா, தொளதொளப்பான சுடிதார் எல்லாம் நுரையில் காலைச் சுற்றும். முழுக்கை ரேஷ்கார்டும் (உடலோடு ஒட்டும் நீச்சல் மேல்சட்டை) முழங்கால் தாண்டிய லெக்கிங்ஸும் ஆண், பெண் இருவருக்கும் வெயிலிலிருந்தும் உராய்விலிருந்தும் காப்பு.

மணலில் பழக வேண்டியவை

முதலில் எந்தக் கால் முன்னால் என்று தெரிய வேண்டும். கண்ணை மூடி நிற்கும் உங்களைப் பின்னாலிருந்து யாராவது மெல்லத் தள்ளினால் விழாமல் தாங்க முன்வைக்கும் கால் எதுவோ, பெரும்பாலும் அதுவே பலகையிலும் முன்கால். இடது கால் முன்னால் வருவதை ரெகுலர் என்றும், வலது கால் வருவதை கூஃபி என்றும் சொல்வார்கள். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று எதுவும் இல்லை. ஆனால் கற்றுத்தருபவர் தன் காலையே உங்களுக்கும் வைத்துவிடுவது நடக்கிறது, சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது படுக்கும் இடம். பலகையின் நடுக்கோட்டின் மேல் உடல் இருக்க வேண்டும். நீரில் படுத்ததும் பலகையின் மூக்கு நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு, மூன்று விரல் உயரத்தில் நிற்க வேண்டும். மூக்கு குத்திக்கொண்டு தலைகுப்புறக் கவிழ்கிறீர்கள் என்றால் நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். அலை உங்களை விட்டுவிட்டுப் போகிறது என்றால் பின்னால் இருக்கிறீர்கள். சரியான இடம் கிடைத்ததும் உங்கள் தாடைக்கு நேர்கீழே பலகையில் ஒரு துண்டு வேக்ஸால் (கால் வழுக்காமலிருக்கப் பலகையில் பூசும் மெழுகு) சிறு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த அலைக்கு அவசரமாக ஏறிப் படுக்கும்போது தாடை அந்தக் கோட்டுக்கு நேராக வந்தால் போதும். இந்த ஒரு கோடு முதல் வாரத்தில் பல குளறுபடிகளைத் தவிர்த்துவிடும்.

எழுவதற்கு, உள்ளங்கைகளைக் கீழ் விலா எலும்புகளை ஒட்டிப் பலகையின் மேல் பதியுங்கள். ஓரங்களைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பலகை ஒருபுறம் சாயும். மார்பை உயர்த்தி, முன்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவந்து, பின்கால் குறுக்காக நிற்க, முழங்கால் மடங்கிய நிலையில் பார்வையை நேராகக் கரையின் மேல் வையுங்கள். காலைப் பார்த்தால் காலடியில்தான் விழுவீர்கள். வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து நாள்தோறும் இதைச் செய்து வந்தால் கடலில் கிடைக்கும் அந்தச் சில விநாடிகள் வீணாகாது.

உடல்வாகு எங்கே உதவும், எங்கே தடுக்கும்

பதினொரு முறை உலகப் பட்டம் வென்ற கெல்லி ஸ்லேட்டரின் உயரம் 175 செ.மீ. அளவில்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஓவன் ரைட் 190 செ.மீ. உயரமானவர். 2003இல் சுறா தாக்கி இடக்கையை இழந்த பெதனி ஹாமில்டன் அதற்குப் பிறகும் தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார். எந்த உடலும் இதற்கு வெளியே இல்லை என்பதற்கு இவை போதும். ஆனால் ஒவ்வொரு உடலும் ஒவ்வொரு இடத்தில் சிரமப்படும் என்பதும் உண்மை. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தன்மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டியிருக்காது.

நெட்டையானவர்களின் நீளமான கைகள் துழாவுவதற்கு வரம். எழும்போதோ கால்கள் கடக்க வேண்டிய தூரம் அதிகம், நின்ற பிறகு உடலின் கனமையமும் உயரத்தில் இருக்கும். அவர்கள் இடுப்பை வளைத்துக் குனிவதால் பயனில்லை. முழங்காலை மடித்து, கால்களைச் சற்று அகலமாக வைத்து, முதுகை நிமிர்த்த வேண்டும். குட்டையானவர்கள் சட்டென்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பெரிய பலகையை நுரை அலையைத் தாண்டிக் கொண்டுபோவதே பாடு.

பருமனானவர்களுக்கு வயிறு நடுவே இருப்பதால் ஒரே துள்ளலில் எழுவது கடினம். பின்காலின் முழங்காலை முதலில் ஊன்றி, பிறகு முன்காலைக் கொண்டுவரும் இரண்டு கட்ட முறையைத் தயங்காமல் கற்றுக்கொள்ளலாம். அதைக் குறைவாகப் பேசுகிற பயிற்சியாளரை மாற்றிவிடலாம் என்பது என் கருத்து. எடை அதிகமுள்ளவருக்கு ஒரு நன்மையும் உண்டு. அலையின் சரிவில் இறங்கத் தொடங்கிவிட்டால் அவருடைய வேகம் எளிதில் தேய்வதில்லை. ஒல்லியானவர்கள் அலையை எளிதாகப் பிடிப்பார்கள், ஆனால் விலாவும் இடுப்பெலும்பும் பலகையில் உரசிக் கன்றிப்போகும்; சற்றுத் தடித்த ரேஷ்கார்டு அவர்களுக்கு அவசியம். பெண்களுக்குப் பொதுவாகத் தோள்வலு ஆண்களைவிடக் குறைவாகவும் கனமையம் சற்றுத் தாழ்வாகவும் இருக்கும். அதனால் துழாவலில் முதலில் பின்தங்கினாலும் நின்ற பிறகு சமநிலை நன்றாக அமைவதைப் பார்க்கலாம்.

உயரம், எடை இரண்டையும்விட முன்னேற்றத்தைத் தீர்மானிப்பது தோளின் தாங்குசக்தியும் இடுப்பு, கணுக்கால் நெகிழ்வும்தான். கடலில் இருக்கும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி துழாவலிலேயே போகும், அலையின் மேல் நிற்பது பத்தில் ஒரு பங்குகூட வராது. குதிகால் தரையில் படக் குந்தி உட்காரத் தெரிந்தவருக்கு எழும் அசைவில் பாதி கைவசம். திருவனந்தபுரம் டெக்னோபார்க் மென்பொருள் அலுவலகங்களில் நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து தோள் முன்னால் கூனிப்போனவர்கள், தோளையும் மார்பையும் விரிக்கும் பயிற்சியைக் கடலுக்குப் போகாத நாள்களிலும் செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டிய அரிய ஆபத்து ஒன்று உண்டு. பழக்கமில்லாதவர் முதுகை வில்லாக வளைத்து வெகுநேரம் பலகையில் படுத்திருந்தால், தண்டுவடத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபடலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அடிபடாமலே நடுமுதுகில் திடீர் வலியும் கால்களில் மரப்பும் தோன்றினால் உடனே கரையேறி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதைத் தவிர்க்க, இடையிடையே பலகையின் மேல் எழுந்து உட்காருங்கள்.

நுரையிலிருந்து உடையாத அலைக்கு

குளத்தில் நீந்தத் தெரிந்தாலும், இருநூறு மீட்டர் நிற்காமல் நீந்த முடியாதவர் முதலில் அதைப் பழகிக்கொண்டு வரட்டும். கடலில் முதல் சில வகுப்புகள் இடுப்பளவு நீரில், உடைந்த நுரை அலையில் மட்டுமே நடக்க வேண்டும். பலகையை எப்போதும் உங்களுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் வைத்தால் அது உங்கள் முகத்தைத்தான் தேடி வரும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் கைகால் விரித்துத் தட்டையாக விழுந்து, கைகளால் தலையை மூடியபடி மேலே வர வேண்டும்.

நுரையில் பத்துக்கு ஏழு, எட்டு முறை எழுந்து கரைவரை வர முடிந்த பிறகுதான் உடையாத அலைக்குப் போக வேண்டும். பெரிய திரைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். வள்ளம் தள்ளுகிறவர்கள் அந்த ஓய்வுக்காகக் காத்திருப்பதைக் கரையில் நின்று கவனியுங்கள். நீங்களும் அதே இடைவெளியில்தான் உள்ளே போக வேண்டும். இழுப்பில் சிக்கினால் பலகையை விடாமல், அதன்மேல் படுத்துக் கரைக்கு இணையாகத் துழாவி வெளியேறுங்கள். முடியாவிட்டால் கையுயர்த்தி உதவி கேளுங்கள். ஓர் அலைக்கு ஒருவர் என்பதும், அலை முதலில் உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அது உரியது என்பதும் எல்லாக் கடலிலும் பொதுவான விதி.

பாணியைத் தேர்ந்தெடுப்பது

லாங்போர்டு பாணியில் பலகை ஒன்பது அடி அல்லது அதற்கு மேல். அலையின் முகத்தில் நீளவாக்கில் ஓடுவதும், பலகையின் மேல் அடியெடுத்து நடப்பதும் அதன் அழகு. ஷார்ட்போர்டு பாணியில் ஆறடியை ஒட்டிய பலகையில் அலையின் உச்சிக்கும் அடிக்கும் வெட்டித் திரும்புவார்கள். அதற்குச் செங்குத்தான, விசையுள்ள அலையும் நல்ல தோள்வலுவும் வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மட்டும் கடலுக்கு வருகிறவர் ஷார்ட்போர்டைத் தேர்ந்தால், பெரும்பாலான காலைகளில் அலை பிடிக்காமல் மிதந்துகொண்டிருப்பார். ஆகவே எடை கூடியவர், நாற்பதைத் தாண்டியவர், வார இறுதியில் மட்டும் வருகிறவர் ஆகியோருக்கு லாங்போர்டையே நான் சொல்வேன். இளையவர்களும் இரு பக்கமும் திரும்பத் தெரிந்த பிறகு, ஏழடியை ஒட்டிய நடுத்தரப் பலகைக்கு ஒரு பருவம் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே முடிவு செய்யட்டும். ஒரே தடவையில் இரண்டு அடி குறைப்பதைவிட, அரை அடி அரை அடியாகக் குறைப்பதில் கற்றது கையைவிட்டுப் போகாது.

சொந்தப் பலகை வாங்கும்போது

அதே அளவுப் பலகையைப் பல முறை வாடகைக்கு எடுத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். எட்டு அடிப் பலகையை அரசுப் பேருந்தில் ஏற்ற முடியாது என்பதால், கோவளத்திலேயே நம்பிக்கையான இடத்தில் வைத்துவிட்டு வர முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். கடின மேற்பரப்புள்ள பலகைக்கு வேக்ஸ் பூச வேண்டும்; நம் கடல்நீர் வெதுவெதுப்பானது, ஆகவே வெப்பக் கடலுக்கென்று விற்கும் கடினமான வகையைக் கேட்டு வாங்க வேண்டும், மற்றவை வழிந்தோடிவிடும். மூடிய காருக்குள்ளோ வெயில் மணலிலோ பலகையை விட்டுச் சென்றால் உள்ளே இருக்கும் ஃபோம் உப்பி மேல்தோல் பிரியும்.

பழைய பலகை வாங்கினால் விரல் கணுவால் தட்டிக்கொண்டே முழு நீளமும் வாருங்கள். ஒலி மாறும் இடத்தில் தோல் பிரிந்திருக்கும். மஞ்சள் கறை படிந்த விரிசல் இருந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. சிறு விரிசலானாலும் அடைத்து உலர்த்தாமல் கடலில் இறக்கக் கூடாது. விழிஞ்ஞத்திலும் குளச்சலிலும் ஃபைபர் வள்ளம் சரிசெய்கிறவர்களிடம் கொடுத்து ஒட்டலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும், கைவேலை அவர்களிடம் அருமையாகவே இருக்கும். ஆனால் படகு வேலையில் வழக்கமாகப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் (செயற்கைப் பிசின்), பாலியூரித்தேன் ஃபோம் உள்ள பலகைக்குத்தான் பொருந்தும். தெர்மகோல் வகை ஃபோம் உள்ள பலகையில் அதை ஊற்றினால் ஃபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். உங்கள் பலகை எந்த வகை என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெர்மகோல் வகையானால் எப்பாக்சி ரெசின் மட்டுமே பூச வேண்டும் என்று, வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.